சின்னதாக ஒரு பள்ளிக்கூடம்: கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளி தொடங்க நினைப்பவர்களும் தொடங்கிவிட்டுத் தடுமாறுபவர்களும் கேட்டவை இவை. எல்கேஜியில் ஆரம்பித்து ஒவ்வொரு வகுப்பாக வளர்த்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பம்: சார், அப்பாவின் மாடி வீடு காலியாக இருக்கிறது. ஜூனில் ஆரம்பித்துவிட்டு அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்யுங்கள். பிறகு கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று நான்கையும் வாங்குங்கள். மழலையர் வகுப்புக்கும் அனுமதி வேண்டும். ஒன்றாம் வகுப்பு வந்துவிட்டால் கல்வி உரிமைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கீகாரம் இல்லாமல் நடத்தினால் ஒரு லட்சம் வரை அபராதம், அதன் பிறகும் தொடர்ந்தால் நாளுக்கு 10,000 வரை.

அபராதத்தை விடுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகிப் போனார்கள். சமையல் கூடத்துத் தீ கூரைக்குப் பரவியபோது மாடியில் இருந்த குழந்தைகளுக்கு இறங்க வழியில்லை. குடும்பம் புழங்கக் கட்டிய வீட்டில் குறுகலாக ஒரே படிக்கட்டுத்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகளைத் தரைத்தளத்திலேயே வையுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். ஜன்னல் கம்பியையும் சமையலறை இருக்கும் இடத்தையும் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

குறிஞ்சிப்பாடி: எத்தனை பிள்ளைகள் இருந்தால் கைக்காசு போடாமல் ஓடும்?

தாளில் போட்டுப் பார்ப்போம். மூன்று வகுப்பு, வகுப்புக்கு 20 பேர், ஆண்டுக் கட்டணம் 15,000 என்று வைத்துக்கொண்டால் வரவு 9 லட்சம். நான்கு டீச்சருக்கு மாதம் 12,000 வீதம் ஆண்டுக்கு 5.76 லட்சம். ஆயாவுக்கும் வாட்ச்மேனுக்கும் ஆளுக்கு 8,000 என்றால் 1.92 லட்சம். கையில் நிற்பது 1.32 லட்சம். வாடகை, கரண்ட், பெஞ்சு, சுண்ணாம்பு எல்லாம் இதற்குள் அடங்காது. கட்டணம் முழுதாக வசூலாகும் என்பதும் நிச்சயமில்லை. முதல் மூன்று ஆண்டுக்கான பற்றாக்குறையைத் தனியாக எடுத்து வைக்காமல் இறங்காதீர்கள்.

நான் 12 மாதச் சம்பளம் போட்டதைக் கவனித்திருப்பீர்கள். மே மாதம் லீவுதானே என்று சம்பளத்தைப் பிடித்துவைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. ஜூனில் பாதி டீச்சர்கள் வராமல் போவதற்கு அதுதான் காரணம். மிஸ் மாறினால் எல்கேஜி குழந்தை அழும், அம்மாக்கள் உடனே கவனிப்பார்கள். வண்ணம் பூசுவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள், மே சம்பளத்தைக் கொடுங்கள். ஐந்து ஆண்டு பணி முடித்த ஆசிரியருக்குப் பணிக்கொடை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்திருக்கிறது. ஊழியர் 20 பேரைத் தொட்டால் பிஎஃப் கட்டாயம். இரண்டையும் முதல் வருஷமே கணக்கில் கொண்டு வாருங்கள்.

பாகூர்: எங்கள் இடம் புதுச்சேரி எல்லைக்குள். பிள்ளைகளில் பாதிப் பேர் ரெட்டிச்சாவடி பக்கத்திலிருந்து வருவார்கள். எங்கே அனுமதி வாங்குவது?

கட்டடம் நிற்கிற இடம்தான் கணக்கு அம்மா. உங்களுக்குப் புதுச்சேரி பள்ளிக்கல்விச் சட்டம், 1987. ரெட்டிச்சாவடியில் கட்டினால் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் சட்டம், 2018. வேனுக்கு மட்டும் இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் பர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: சிபிஎஸ்இ இருந்தால்தான் சேர்ப்போம் என்கிறார்கள் பெற்றோர். மாறலாமா?

புதுச்சேரியில் அரசுப் பள்ளிகளே மாறி, 2025இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் எழுதிவிட்டதால் இந்தக் கேள்வி இங்கே அதிகமாகிவிட்டது. உங்களிடம் இருப்பது மூன்றாம் வகுப்பு வரை. இப்போது பாடத்திட்டம் முக்கியமில்லை. பிள்ளை தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறதா? அதைப் பெற்றோரை உட்கார வைத்துக் காட்டுங்கள்.

கடலூர் முதுநகர்: கெடிலம் ஓரமாக மலிவாக மனை வருகிறது. வாங்கலாமா?

2015 மழையில் அங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கியதைப் பார்த்தோம். கடலூரில் பள்ளிக்கு மனை பார்ப்பவர் ஐப்பசி, கார்த்திகையில் நேரில் போய் நின்று பார்க்க வேண்டும், சித்திரையில் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். சேர்க்கைப் பதிவேடும் டிசி புத்தகமும் எங்கே கட்டினாலும் மாடியில் இருக்கட்டும்.

பண்ருட்டி: எல்கேஜி சேர்க்கைக்குத் தேர்வு வைக்கலாமா?

கூடாது. குழந்தைக்கும் வைக்கக் கூடாது, பெற்றோருக்கும் வைக்கக் கூடாது. சேர்க்கைத் தேர்வைக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது.

லாஸ்பேட்டை: மூன்று ஆண்டாகியும் 70 பிள்ளைகள்தான். ஒரேயடியாக எட்டாம் வகுப்பு வரை திறந்தால் கூட்டம் வருமா?

வராது. வெளியே எங்கும் சேர்க்காத பிள்ளைகளை எடுத்து நிரப்ப வேண்டியிருக்கும், அவர்களைத் தூக்கிவிட உங்களிடம் ஆசிரியர் இருக்க மாட்டார். அரவிந்தர் ஆசிரமப் பள்ளி உங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1943 டிசம்பர் 2 அன்று அன்னை அதைத் தொடங்கியபோது சுமார் 20 பிள்ளைகள். 1952இல்தான் பல்கலைக்கழக மையமாக விரிந்தது. அவர்களுக்கு ஆசிரமத்தின் பலம் இருந்தது, நமக்கு இல்லை. அப்படியிருக்க நாம் அவசரப்பட என்ன இருக்கிறது? உங்கள் யுகேஜி பிள்ளைகள் ஏறுகிற வேகத்தில் வருஷத்துக்கு ஒரு வகுப்பு போதும். எழுபது பேரில் எத்தனை வீட்டின் தம்பி தங்கை உங்களிடமே சேர்கிறார்கள் என்று பாருங்கள். அது குறைந்தால் புது வகுப்பைத் தள்ளிவைத்து, ஏன் என்று அந்த வீடுகளுக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

வடலூர்: கட்டணம் பாக்கி வைத்தவர் டிசி கேட்கிறார். நிறுத்தி வைக்கலாமா?

கொடுத்துவிடுங்கள். பாக்கி விவரத்தை டிசியில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. பணத்தைப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள், தவணை கொடுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள்.