சங்கிலியை அடகு வைக்க வேண்டாம், அம்மா

அன்புள்ள அம்மா,

நேற்று முதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்து, மகளுடைய பி.எஸ்சி நர்சிங் சான்றிதழையும் ஒரு பயிற்சி நிலையத்தின் நோட்டீஸையும் மேசையில் வைத்தீர்கள். ஆறு மாத ஐசியூ கோர்ஸ், முடித்தால் வேலை உறுதி என்று அதில் இருந்தது. சங்கிலியை அடகு வைத்துக் கட்டலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். காரணத்தை எழுதியிருக்கிறேன், பாப்பாவையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தனிப்பிரிவுப் பயிற்சி நல்லதுதான். தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தை, புற்றுநோய், ஆபரேஷன் தியேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. பக்கத்தில் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரிலேயே இந்த வகை டிப்ளமோ உண்டு, வேலூர் சிஎம்சியிலும் உண்டு. ஆனால் அதில் சேர, பதிவு பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும். பொதுவாக ஓராண்டு பணி அனுபவமும் கேட்பார்கள். முதலில் வார்டு, பிறகு டிப்ளமோ என்ற வரிசையை கவுன்சிலே வைத்திருக்கிறது. உங்கள் நோட்டீஸில் கவுன்சில் பெயரே இல்லை.

ஐசியூ கோர்ஸ் படிக்காதவளை ஐசியூவில் எடுப்பார்களா என்று பாப்பா கேட்டாள். எடுக்கிறார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நெறி, மற்ற ஐசியூ நோயாளிகள் இரண்டு பேருக்கு ஒருவர். அதனால் பெரிய தனியார் மருத்துவமனைகளில் அங்கேதான் ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. புதியவர்களைச் சேர்த்து, மூத்த சிஸ்டரோடு நிறுத்திப் பழக்குகிறார்கள். எந்த மருந்தை எந்த வேகத்தில் பம்பில் ஏற்றுவது, மானிட்டர் கத்தும்போது முதலில் மெஷினைப் பார்ப்பதா நோயாளியைப் பார்ப்பதா என்பதெல்லாம் நைட் டூட்டியில்தான் கைக்கு வரும்.

சில வருடங்களுக்கு முன் பண்ருட்டிப் பெண் ஒருத்தியை இதேபோன்ற கோர்ஸுக்கு நானே அனுப்பினேன். முடித்து வந்தவளை நேர்முகத் தேர்வில் அந்தச் சான்றிதழைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மற்ற புதியவர்களுக்குத் தந்த சம்பளத்தையே தந்தார்கள். அவள் அப்பா வாங்கிய கடன் மட்டும் நின்றது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அரசு வேலைக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸ் பணிக்கு எழுத்துத் தேர்வு வைக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்ஸ் பணிக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வை பி.எஸ்சி முடித்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம். தேறினால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். டூட்டி போக மிச்ச நேரத்தில் பாப்பா இதற்குப் படிக்கட்டும்.

பணம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் இரண்டுக்கும் செலவழியுங்கள். இதயம் நின்றுபோனவர்களின் உயிரைக் காக்கும் பயிற்சிகள் அவை. ஓரிரு நாளில் முடிந்துவிடும், இரண்டு வருடம் செல்லும். ஜெர்மனி ஆசை இருந்தால் மொழி வகுப்புக்குக் கட்டுங்கள், அங்கே மொழித் தேர்வு இல்லாமல் நடக்காது. வளைகுடாவுக்கு எப்படியும் அனுபவம் கேட்பார்கள்.

முதல் மருத்துவமனையைச் சம்பளத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். படுக்கை எத்தனை, எந்த வார்டில் போடுவார்கள், புதியவர்களுக்கு யார் கற்றுத் தருகிறார்கள், ஹாஸ்டல் எப்படி என்று பாப்பாவே கேட்கட்டும். முக்கியமான ஒன்று: அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகலை வைத்துக்கொள்ளட்டும். அசல் மாட்டிக்கொண்டதால் அரசு வேலைக்கான சரிபார்ப்புக்குப் போக முடியாமல் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் அங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்டு எழுதச் சொன்னால் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்புங்கள்.

ஒன்றரை, இரண்டு வருடம் போகட்டும். குழந்தைகள் பிரிவு பிடிக்கிறதா, தியேட்டர் பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். அப்போது அந்த ஓராண்டு டிப்ளமோவுக்கு நானே விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பாப்பா இன்னும் பதிவு செய்யவில்லை என்றாள். அந்தப் பதிவு எண் இல்லாமல் எங்கும் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. எண் கைக்கு வந்ததும் போன் செய்யுங்கள், எந்தெந்த மருத்துவமனைக்குப் போடலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.