தூண்டில் சாமான் வைக்க எந்த மாதிரிப் பெட்டி வாங்கலாம்?

கேள்வி: தூண்டில் போட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. முள், ஈயம், தக்கை, செயற்கை இரை எல்லாம் நாலைந்து பிளாஸ்டிக் பைகளில் கிடக்கின்றன. ஒழுங்காக ஒரு டேக்கிள் பாக்ஸ் வாங்க வேண்டும். பெரிதாக ஒன்றே வாங்கிவிடலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:

பெரிதாக வாங்காதீர்கள். இதைச் சொல்லும் நான் முதலில் வாங்கியது கடையில் இருந்ததிலேயே பெரியதைத்தான். மூடியைத் திறந்தால் தட்டுகள் படிக்கட்டு மாதிரி விரியுமே, அந்த வகை. மூன்று அடுக்குத் தட்டு, அடியில் ஆழமான குழி. வாங்கிய நாளில் பாதிகூட நிறையவில்லை. காலியிடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? ஒரே வருடத்தில் நிரப்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: ஒவ்வொரு தடவையும் தோள் இறங்க ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு போகிறேன், அதில் வெளியே எடுப்பது பத்துப் பதினைந்து சாமான்தான்.

உங்களுக்கு என்ன அளவு வேண்டும் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. அந்த நாலைந்து பைகளையும் தரையில் ஒரு துணி விரித்துக் கொட்டுங்கள். கடைசியாகப் போன மூன்று தடவையும் தூண்டில் நரம்பில் உண்மையிலேயே கட்டியதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றுக்கு மாற்றாக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னக் குவியலுக்குத்தான் பெட்டி தேவை. மிச்சமெல்லாம் வீட்டில் எதிலாவது இருக்கட்டும், உலர்ந்த இடமாக இருந்தால் அட்டைப்பெட்டிகூடப் போதும். சேமித்து வைக்கும் பெட்டி வேறு, கையில் எடுத்துப் போகும் பெட்டி வேறு. இரண்டையும் ஒன்றிலேயே முடிக்கப் பார்த்ததுதான் நான் செய்த தப்பு.

இப்போது நான் கொண்டு போவது உள்ளே இருப்பது தெரிகிற இரண்டு தட்டைப் பெட்டிகளும் அவை நுழையும் ஒரு தோள்பையும் மட்டுமே. இந்தத் தட்டைப் பெட்டிகளை 3600, 3700 என்று எண் போட்டுச் சொல்வார்கள். பிளேனோ நிறுவனத்தின் மாடல் எண்கள் அவை. மற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவில் செய்வதால் அந்த எண்ணே அளவின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. 3600 என்றால் சுமார் 11 அங்குல நீளம், 7 அங்குல அகலம். 3700 என்றால் சுமார் 14க்கு 9. தூண்டில் பைகளையும் இந்த அளவுகளை மனதில் வைத்தே தைக்கிறார்கள். அதனால் ஏதாவது ஓர் அளவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எல்லாப் பெட்டியையும் அதிலேயே வாங்குங்கள். இன்று ஆற்றுக்கா, நாளை கடலுக்கா, பெட்டியை மட்டும் மாற்றிச் செருகிக்கொண்டு கிளம்பலாம். நடந்து நடந்து பிடிப்பவர் என்றால் 3600 போதும்.

பெரிய பெட்டியை நான் கைவிட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். இருட்டிக்கொண்டு வந்த நேரம், பாறைகளின் மேல் நின்று பிடித்துக்கொண்டிருந்தோம். இடம் மாறலாம் என்று நண்பன் கூப்பிட்டான். மூடியைச் சாத்திவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். தாழ் சரியாக விழவில்லை. அந்தப் பெட்டிக்குக் கைப்பிடி மூடியின் மேல் இருந்தது. மூடி என் கையோடு வந்தது, தட்டுகள் விரிந்தன, அவ்வளவுதான், ஒன்று பாக்கியில்லாமல் பாறை இடுக்கில். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரு மணி நேரம் பொறுக்கினோம். “மீன் பிடிக்க வந்தோமா, முள் பொறுக்க வந்தோமா?” என்று நண்பன் கேட்டான். ஈயமெல்லாம் கிடைத்தது. சின்ன முட்களில் பாதி கிடைக்கவில்லை. வெறுங்காலோடு யாரும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்ற கவலை பல நாள் இருந்தது.

படிக்கட்டுப் பெட்டியே மோசம் என்று சொல்லவில்லை. படகிலோ, ஒரே இடத்தில் உட்கார்ந்து பிடிக்கும்போதோ அது சொகுசுதான். திறந்தால் எல்லாம் கண்முன்னே. அதுதான் வேண்டும் என்றால் தாழ் ‘டக்’ என்று சத்தத்தோடு விழுகிறதா பாருங்கள். கடையிலேயே எல்லாத் தட்டையும் விரித்து, மேல்தட்டை விரலால் லேசாக அழுத்துங்கள். பெட்டி சாய்கிறது என்றால் விட்டுவிடுங்கள். கீலில் ஓடும் கம்பி சாதா இரும்பு என்றால் உப்புக்காற்றில் முதலில் போவது அதுதான்.

அடுத்தது, எனக்கு எந்தக் கடையிலும் சொல்லாத விஷயம்: பெட்டி எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பது. ரப்பர் புழு, ரப்பர் மீன் என்று நாம் சொல்லும் இரைகள் பெரும்பாலும் ரப்பரே அல்ல. பிவிசியில் எண்ணெய் மாதிரியான ஒரு மென்மையாக்கியை நிறையக் கலந்து செய்தவை. அந்த எண்ணெய் இருந்த இடத்தில் இருக்காது. சில பிளாஸ்டிக்குகளைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் மெல்ல அதற்குள் இறங்கி அதை இளக்கிவிடும். இரண்டு மாதம் திறக்காமல் வைத்திருந்த ஒரு பெட்டியைத் திறந்தபோது புழு எங்கே முடிகிறது, தட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு பிசுபிசுப்பு இருந்தது. கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், தட்டும் சேர்ந்து வந்தது.

இதற்கு எளிய வழி, பெட்டியைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பது. முக்கோணக் குறிக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், அது இந்த எண்ணெயைத் தாங்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன், அதில் புழு வைக்கவே கூடாது. 7 என்பது ‘மற்றவை’. பாலிகார்பனேட் போன்றவை அதில் வரும், அதையும் நம்பாதீர்கள். எண் இல்லையென்றால் கண்ணாலும் கையாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பாலிபுரோப்பிலீன் கொஞ்சம் பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும், அழுத்தினால் வளைந்து கொடுக்கும். பாலிஸ்டைரீன் பளிங்கு மாதிரித் தெளிவாக இருக்கும், கீழே விழுந்தால் மூலை தெறிக்கும். மணி, பொத்தான் வைக்கும் அறைப்பெட்டியை நிறையப் பேர் தூண்டிலுக்கு வைத்துக்கொள்கிறார்கள். முள்ளுக்கும், நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பான ஸ்விவலுக்கும் அது போதும். புழுவுக்கு மட்டும் வேண்டாம்.

உண்மையில் புழுக்களைப் பெட்டியில் கொட்டவே தேவையில்லை. வந்த பாக்கெட்டிலேயே விட்டுவிட்டு, பாக்கெட்டுகளை நிறுத்தி அடுக்குங்கள். ஒன்றாகக் கொட்டினால் கறுப்புப் புழுவின் சாயம் வெள்ளைப் புழுவில் ஏறும். டிபிஇ (TPE) என்ற, ரொம்ப நீளமாக இழுபடும் வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த இரைகளைச் சாதாரணப் புழுவோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். வண்ணம் பூசிய கட்டை இரை மேல் புழு கிடந்தாலும் பூச்சு கெடும். வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விட்டால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சரி, துருவுக்கு வருவோம். ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதிய பெட்டியைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஆசை வரும். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் ஓடும், நாலு பக்கமும் இறுக்கிப் பூட்டலாம். நானும் வாங்கினேன். கடலில் போட்டு எடுத்த இரைகளை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால், அந்த இரைகள் மட்டுமல்ல, பக்கத்தில் இருந்த, ஒரு தடவைகூடத் தண்ணீர் பார்க்காத முட்களும் பழுப்பாகியிருந்தன. வெளித்தண்ணீரை உள்ளே விடாத வளையம், உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது. படகில் தெறிக்கும் தண்ணீருக்கு அந்தப் பெட்டி நல்லதுதான், ஆனால் உள்ளே போவது எலும்புவரை காய்ந்திருக்க வேண்டும்.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். போட்ட இரை அன்று திரும்பப் பெட்டிக்குள் போகாது. அதற்கென்று, சூடான ஆணியால் நான்கு பக்கமும் ஓட்டை போட்ட ஒரு பழைய டப்பா இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் டப்பாவோடு நல்ல தண்ணீரில் அலசி, இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, மறுநாள்தான் பெட்டிக்கு மாற்றுவேன். துருத்தடுப்புக்கு நான் செலவே இல்லாமல் செய்தவற்றில் இதற்கு ஈடானது எதுவும் இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், ஆனால் அது குடித்து நிறைந்துவிட்டால் வெறும் பொட்டலம்தான், சூடாக்கி உலர்த்த வேண்டும். சில பெட்டிகளின் தடுப்புகளிலேயே துருத்தடுப்பானைக் கலந்து செய்கிறார்கள். அது ஆவியாகி உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. பெட்டி மூடியிருந்தால்தான் அதற்கு வேலை. திறந்து போட்டால் ஆவி வெளியே போய்விடும்.

தடுப்புகளைப் பற்றி ஒன்று. கழற்றி மாற்றும் தடுப்பு வசதிதான், ஆனால் அதன் அடியில் ஒரு நூல் இடைவெளி இருந்தால் போதும், சின்ன ஸ்விவலும் வளையமும் அறைவிட்டு அறை ஊர்ந்துவிடும். பொடிச்சாமானுக்கு, தடுப்பு பெட்டியோடு ஒரே வார்ப்பாக இருக்கும் சின்ன டப்பா வாங்குங்கள். மும்முனை முள் உள்ள இரைகளுக்கு அறைக்கு ஒன்றுதான். இரண்டு வைத்தால் கட்டிப் புரண்டு, ஒன்றை எடுத்தால் கொத்தாக வரும்.

ஈயத்தைத் தட்டைப் பெட்டியில் போடாதீர்கள். 30 கிராம் குண்டு இருபது என்றாலே 600 கிராம். பெட்டி ஆடும்போது அது தடுப்பையெல்லாம் உடைக்கும். முரட்டுத் துணிப்பையில் போட்டுப் பையின் அடியில் வையுங்கள். தொட்டால் சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள். பிளவு ஈயத்தை (நடுவே உள்ள பிளவில் நரம்பை வைத்து அழுத்தி மூடும் சின்ன குண்டு) பல்லால் கடித்து மூடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், ஈயம் விஷம். (நான் நெடுநாள் கடித்தவன்தான்.)

கடைசியாக, வாங்கும் முன் கடையில் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்து மூடிப் பாருங்கள். இன்னொரு கையில் எப்போதும் தூண்டில் இருக்கும். முள்ளை வெட்டும் அளவுக்கு வலுவான கட்டர் ஒன்றும் வாங்குங்கள், ஆனால் அதைப் பெட்டிக்குள் போடாமல் பையின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கவிடுங்கள். அது தேவைப்படும் நேரத்தில் முள் உங்கள் விரலில் இருக்கும், அதன் மறுபக்கம் மீன் துள்ளிக்கொண்டிருக்கும்.