மலையில் அரை மணி நேர இரவு உணவு: வேலைக்குச் செல்லும் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: திருமணத்துக்குப் பின் மதுரையிலிருந்து குன்னூருக்கு வந்தேன். ஊட்டியில் அலுவலக வேலை. பேருந்து பிடித்து வீடு வந்து சேர மாலை ஆறே முக்கால் ஆகிவிடுகிறது. ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் மாமியார் ஆகியோர் வீட்டில் இருக்கிறார்கள். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மா சொல்லித்தந்த கணக்குப்படி நான்கு விசில் விட்டாலும் இங்கே பருப்பு கரைவதில்லை, மாவும் பொங்குவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கடையில் பரோட்டா வாங்கிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமையே சமைத்து வைத்து வாரம் முழுவதும் சூடாக்கிச் சாப்பிடலாமா? அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சமையலாகச் செய்ய வழி உண்டா?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை. அம்மாவின் கணக்கு மதுரைக்குச் சரியானது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால், மதுரையில் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் தண்ணீர் உங்கள் வீட்டில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஊட்டியில் அது 93 டிகிரிக்கும் சற்றுக் கீழே. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நாம் அடுப்பைக் கூட்டினாலும், திறந்த பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் அந்த அளவைத் தாண்டிச் சூடேறாது, ஆவிதான் அதிகமாக வெளியேறும். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பொருள் இளகுவதற்கு ஒவ்வொரு டிகிரியும் கணக்கில் வருவதால், ஆறு டிகிரி குறைந்தாலே வேகும் நேரம் வெகுவாக நீண்டுவிடும். ஆகவே மலையில் பருப்பு, பயறு, கிழங்கு எதையும் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க மாலை நேரத்தைச் செலவிட வேண்டாம்.

குக்கர் இந்தக் குறையை முழுவதும் நீக்குவதில்லை, ஆனால் பெரும்பகுதியைச் சரிசெய்கிறது. நம் வீட்டுக் குக்கர்கள் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவில் அழுத்தத்தை ஏற்றுகின்றன. கடலோர ஊர்களில் குக்கருக்குள் 120 டிகிரி வருமென்றால், குன்னூரில் 116 அல்லது 117 டிகிரி வரும். இதை ஈடுகட்ட ஒரு எளிய விதி இருக்கிறது: 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் வேகும் நேரத்தை ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் ஊருக்கு அது ஏறக்குறைய இருபது சதவீதம், அதாவது கீழே பதினைந்து நிமிடத்தில் வேகும் பொருள் உங்களிடம் பதினெட்டு நிமிடம் எடுக்கும். கூடுதல் மூன்று நிமிடம்தான். அப்படியிருக்க உங்கள் பருப்பு ஏன் விதைவிதையாக நிற்கிறது என்றால், விசிலை எண்ணுவதே காரணம். தீ பெரிதாக இருந்தால் ஐந்தாறு நிமிடத்துக்குள் நான்கு விசில் வந்துவிடும், சிறிதாக இருந்தால் அதே நான்கு விசிலுக்குக் கால் மணி நேரம் ஆகும். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை எண்ணுங்கள். ஊறிய துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம், ஊறாததற்குப் பதினெட்டு முதல் இருபது நிமிடம், இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலைக்கும் ராஜ்மாவுக்கும் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் என்று தொடங்கி, உங்கள் குக்கருக்கு ஏற்ப ஓரிரு நிமிடம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அடுப்பை அணைத்தபின் ஆவியை வலிந்து வெளியேற்றாமல் பத்து நிமிடம் விட்டுவைத்தால் மீதி வேக்காடு அந்தச் சூட்டிலேயே முடிந்துவிடும். மூடியைச் சுற்றி ஆவி கசிந்தாலோ நீர் வழிந்தாலோ கேஸ்கட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். உடனே மாற்றுங்கள், ஏனெனில் அழுத்தம் நிற்காத குக்கர் மலையில் வெறும் மூடிபோட்ட பாத்திரம்தான்.

இதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ராஜ்மாவில் இயல்பாகவே ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. அது முறையாகக் கொதித்தால்தான் அழியும், அரைவேக்காட்டில் தங்கி வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். எனவே இங்கே ராஜ்மாவை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் மட்டுமே வேகவையுங்கள். கையால் நசுக்கினால் மாவாகும் பதம் வராமல் குழந்தைகளுக்குப் பரிமாற வேண்டாம்.

அரை மணி நேரத்தில் முடிப்பதற்கு வழி உண்டு. அதற்கு நீளமான வேலைகளை நீங்கள் அடுப்பின் முன் நிற்காத நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பருப்பையும் அரிசியையும் கழுவித் தனித்தனியே ஊறப்போட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் பருப்பு மெதுவாகத்தான் நீரை இழுக்கும் என்பதால் வெந்நீர் ஊற்றி மூடி வைப்பது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் ஊறும் பாத்திரம் ஃபிரிட்ஜுக்குள் இருக்கட்டும். புளி, தக்காளி போன்ற புளிப்புள்ளவை பருப்பு வெந்த பிறகே சேர வேண்டும், ஏனெனில் புளிப்பு பருப்பை இளகவிடாமல் தடுக்கிறது. மலையில் அந்தத் தடை இன்னும் கூடுதலாகத் தெரியும்.

ஓர் இரவுச் சமையலை முழுமையாகச் சொல்கிறேன். கொங்கு நாட்டு அரிசி பருப்பு சாதம் உங்கள் நிலைமைக்கு மிகவும் பொருந்தும். ஐந்து பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, இரண்டும் காலையிலேயே ஊறியவை. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஒரு பாத்திரத்தில் ஐந்தரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்கப் போடுங்கள். பக்கத்து அடுப்பில் குக்கரை வைத்து எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், ஒரு கை சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, கறிவேப்பிலை, ஒரே ஒரு தக்காளி என்ற வரிசையில் வதக்குங்கள். தக்காளியை ஒன்றோடு நிறுத்தச் சொல்வதற்கும் மேலே சொன்ன புளிப்புதான் காரணம். மஞ்சள்தூள், உப்பு, சிறிதளவு சாம்பார் பொடி சேர்த்து, வடித்த அரிசியையும் பருப்பையும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, கொதிநீரை ஊற்றி மூடுங்கள். தண்ணீர் ஏற்கெனவே கொதித்திருப்பதால் விசில் சீக்கிரம் வந்துவிடும். பத்து நிமிடம் சிம்மில் வைத்து, பிறகு பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த இருபது நிமிடமும் உங்களுடையது: பொடியாக நறுக்கிய பீன்ஸையும் கேரட்டையும் வாணலியில் தாளித்து மூடி வைத்தால் சாதம் இறங்கும்போது பொரியலும் ஆகியிருக்கும். மகளுக்கு வேண்டியதைச் சாம்பார் பொடியே இல்லாமல் செய்ய நினைத்தால் பொடியைக் குக்கரில் போடாதீர்கள். வெந்த சாதத்திலிருந்து அவளுடைய பங்கை எடுத்து நெய் விட்டுக் குழைத்துவிட்டு, மீதியில் மிளகாய் வற்றலும் பொடியும் தாளித்துக் கொட்டலாம். நான்கு வயதுக் குழந்தைக்கென்று தனிச் சமையல் செய்யத் தொடங்கினால் எந்தத் தாயின் மாலையும் அரை மணி நேரத்தில் முடியாது.

மாவைப் பொறுத்தவரை, புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் 27 முதல் 30 டிகிரி வெப்பத்தில்தான் சுறுசுறுப்பாக இயங்கும், குன்னூர் இரவுகளில் அந்த வெப்பம் கிடைப்பதில்லை. வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, முந்தைய மாவில் ஒரு கரண்டியைக் கலந்து, உப்பைப் பொங்கிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிடுங்கள், ஏனெனில் உப்பு புளிப்பைச் சற்று மந்தப்படுத்தும். மாவுப் பாத்திரத்தை, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய ஒரு பெரிய அண்டாவுக்குள் இறக்கி, கம்பளியால் சுற்றி மூடி வையுங்கள். தண்ணீர் ஆறியதும் ஒரு முறை மாற்றினால் போதும். குளிர்காலத்தில் இது பதினான்கு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் எடுக்கலாம் என்பதால் இரவில் அரைத்துக் காலையில் எதிர்பார்க்காமல், சனிக்கிழமை முற்பகலில் அரைத்து ஞாயிறு காலைக்கு என்று திட்டமிடுவது நிம்மதி. இதைவிட எனக்குப் பிடித்தது, புளிக்கவே தேவையில்லாத அடை. காலையில் அரிசி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றலை ஊறப்போட்டால் மாலையில் கொரகொரப்பாக அரைத்து உடனே வார்க்கலாம், துருவிய கேரட்டோ முட்டைக்கோஸோ அதிலேயே சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும் பகுதியில் இருந்தால் மட்டும், முந்தைய இரவே ஊறப்போட்டு, காலையில் கிளம்பும் முன்பே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கேழ்வரகு மாவில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் பிசைந்து தட்டும் அடைக்கு அரைக்கும் வேலையும் இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் வளரும் பிள்ளைகளுக்கு அதை வாரம் ஒரு முறையாவது கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பச்சைப் பட்டாணியும் பச்சை அவரையும் உழவர் சந்தையில் கிடைக்கும் மாதங்களில் ஊறவைக்கும் வேலையே குறைந்துவிடுகிறது. படுகர் வீடுகளில் அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து வைக்கும் உதக்க என்ற குழம்பைப் பக்கத்து வீட்டில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே பாத்திரத்தில் பயறும் கிழங்கும் வெந்துவிடும் அந்தச் சமையல் இந்த மலைக்காகவே அமைந்தது. மேரக்காய், முட்டைக்கோஸ், டர்னிப் போன்ற நீர்க்காய்களைப் பாசிப்பருப்புடன் கூட்டு வைத்தால், துவரம்பருப்பின் பாதி நேரத்திலேயே வேலை முடியும்.

இனி, ஞாயிற்றுக்கிழமை சமைத்து வாரம் முழுவதும் சாப்பிடுவது பற்றி. முழுச் சமையலாக வைக்காதீர்கள், பாதிச் சமையலாக வையுங்கள். தாளிக்காத, புளி சேர்க்காத வெந்த பருப்பும், வெந்த கொண்டைக்கடலையும் ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்கு நன்றாக இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில் வைக்கலாம். வெங்காயமும் தக்காளியும் எண்ணெய் பிரியும்வரை வதக்கிய தொக்கு நான்கைந்து நாள் தாங்கும். தொக்கில் பட்டாணியும் உருளையும் சேர்த்தால் சப்பாத்திக்குக் குருமா, அவித்த முட்டையைச் சேர்த்தால் முட்டைக் குழம்பு, வெந்த கடலையைச் சேர்த்தால் இன்னொரு நாளைய குழம்பு என மூன்று இரவுகளை அது தாங்கிவிடும். தேங்காய் அரைத்து விட்ட எதையும் சேமிக்க வேண்டாம், தேங்காயை அன்றன்று சேருங்கள்.

சோற்றில் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குளிர் ஊர்தானே என்று இரவுச் சோற்றை மேடையிலேயே விட்டுவிடும் பழக்கம் மலை வீடுகளில் பரவலாக உண்டு. ஐந்து டிகிரிக்கு மேல் அறுபது டிகிரிக்குக் கீழ் உள்ள வெப்பத்தில் கிருமிகள் பெருகும், குன்னூரின் சமையலறை ஆண்டு முழுவதும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. வெந்த சோற்றில் உயிர்தப்பி நிற்கும் ஒரு வகைக் கிருமி வெளியிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே ஆவி பறக்கச் சூடாக்கி ஒரே முறை பயன்படுத்துங்கள்.

மாமியாருக்கும் இதே உணவுதான், அளவுதான் மாறும்: சாதம் ஒரு கரண்டி குறைவு, பொரியலும் பருப்பும் ஒரு கரண்டி கூடுதல். சாமைச் சோறு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று சிலர் நினைப்பது தவறு. அதில் அரிசியைவிட நார்ச்சத்து கூடுதலாக இருந்தாலும் மாவுச்சத்தும் நிறையவே இருக்கிறது. அவர் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை போடுபவராக இருந்தால், நீங்கள் வரத் தாமதமாகும் நாளில் மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்குப் பகல் ஷிப்ட் முடிந்து மாலையில் வீட்டில் இருக்கும் வாரங்களில் ஆறரை மணிக்குக் குக்கரை அவர் ஏற்றிவிடட்டும். ஊறியது இருக்கிறது, மேலே சொன்ன நிமிடக் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் வேறு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒன்பது வயது மகன் பட்டாணி உரிப்பான், தட்டு எடுத்து வைப்பான். வேலைக்குப் போகும் ஒரு பெண் தனியாளாக ஐந்து பேரின் இரவு உணவைச் சுமக்க வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை.

கடைப் பரோட்டாவை வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டால் போதும், அதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை. வாங்கும் நாளில் சால்னாவை மட்டும் விட்டுவிட்டு, உங்கள் தொக்கில் செய்த முட்டைக் குழம்போ கடலைக் குழம்போ தொட்டுக்கொள்ள வையுங்கள். மாமியாருக்கு அன்று பரோட்டா வேண்டாம், கேழ்வரகு அடை இரண்டு வார்த்துவிடுங்கள்.