நிலவறை ஆட்டம் வடிவமைப்போர் கேள்வி பதில்

நிலவறைக்குள் வீரர்கள் அரக்கர்களோடு மோதும் பலகை ஆட்டம் செய்கிறேன்; பாதை வரைந்த அட்டைத் துண்டுகளை (டைல்) ஒவ்வொன்றாக உருவி வைத்துக்கொண்டே போக வேண்டும். பாதி ஆட்டத்தில் எல்லா வழியும் அடைபட்டுவிடுகிறது. ஏன்?

வாசலை எண்ணுங்கள். சதுர டைலில் வகை மொத்தமே ஐந்துதான்: முட்டுச்சந்து, நேர்வழி, வளைவு, முச்சந்தி, நாற்சந்தி. ஒரு டைல் வைத்தால் திறந்திருந்த வாசலில் ஒன்று போகும், டைலின் மற்ற வாசல்கள் புதிதாகத் திறக்கும். ஆக முட்டுச்சந்துக்கு −1, நேர்வழிக்கும் வளைவுக்கும் 0, முச்சந்திக்கு +1, நாற்சந்திக்கு +2. தொடக்க அறையில் 4 வாசல், டைல் கட்டில் 2 முச்சந்தி, 8 முட்டுச்சந்து, மற்றதெல்லாம் நேர்வழி என்று வையுங்கள். 4+2−8 கழித்தலில் போய் நிற்கிறது. எப்படிக் கலைத்தாலும் டைல் தீரும் முன்பே அடைபடும். பாதை சுற்றிவந்து பழைய பாதையில் சேர்ந்தால் கூடுதலாக இரண்டு வாசல் போய்விடும். கூட்டுத்தொகையைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அறையை அடியிலுள்ள ஐந்தாறு டைலோடு மட்டும் கலையுங்கள்.

விரிவாக்கப் பெட்டி (பழைய ஆட்டத்தோடு சேர்த்து ஆடும் கூடுதல் பெட்டி) சேர்த்ததும் ஆட்டம் திடீரென்று கடினமாகிறது. அரக்கர்களை மாற்றவே இல்லையே?

புதையல் சீட்டுக் கட்டு நீர்த்துப்போயிருக்கும். 60 சீட்டில் 6 மருந்து என்றால் பத்துக்கு ஒன்று. மருந்தே இல்லாத 40 சீட்டைச் சேர்த்தால் நூற்றுக்கு ஆறுதான். அரக்கன் அடிக்கும் அடி மட்டும் அப்படியே இருக்கிறது. சீட்டைக் கூட்டாதீர்கள், மாற்றுங்கள். பத்துப் பத்துச் சீட்டாகக் கட்டுங்கள், ஒவ்வொரு கட்டிலும் ஒரு மருந்து இருக்கட்டும். ஆட்டத்துக்கு ஆறு கட்டு எடுத்தால், எத்தனை பெட்டி வந்தாலும் 60-க்கு 6 மாறாது.

எந்த அச்சகம் நல்லது?

அது என் துறை இல்லை, அச்சுத் தெரிந்தவரைக் கேளுங்கள். ஒன்று மட்டும்: அடுத்த அச்சில் சீட்டின் பின்பக்க நிறம் லேசாக மாறக்கூடும். கலந்தால் எது புதுச்சீட்டு என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். தனிக் கட்டாக வையுங்கள், அல்லது முதுகு தெரியாத உறை போடுங்கள்.

அரக்கர்கள் பக்கம் ஆடத் தனியாக ஓர் ஆள் வேண்டுமா?

விரிவாக்கம் போடப்போகிறீர்கள் என்றால் ஆள் இருப்பது வசதி. 1989-இல் வந்த ஹீரோக்வெஸ்ட் என்ற நிலவறை ஆட்டத்தில் தீய மந்திரவாதியாக ஒருவர் உட்காருவார். புது அரக்கனுக்கு நாலு எண் எழுதினால் போதும், மூளையை அவர் கொடுத்துவிடுவார்.

மேலே சொன்னதை ஏற்க முடியாது. அந்த ஒருவர் கருணை காட்டினால் சலிப்பு, காட்டாவிட்டால் சண்டை. க்ளூம்ஹேவன் என்ற ஆட்டம் ஆளே இல்லாமல் சீட்டை வைத்தே அரக்கரை ஓட்டவில்லையா?

ஓட்டியது, அதற்கு அவர்கள் எழுதிய விதிகளையும் பாருங்கள். அரக்கன் இரண்டு வீரர்களுக்கும் மூன்று கட்டம் தள்ளி நிற்கிறான். யாரை அடிப்பான்? வழியில் பொறி இருந்தால் மிதிப்பானா? ஒவ்வொன்றுக்கும் விதி வேண்டும். அடுத்த பெட்டியில் மறைந்துபோகும் வீரன் வந்தால் எல்லாவற்றையும் திரும்பத் திறக்க வேண்டும்.

அப்படியானால் டிசென்ட் என்ற நிலவறை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்புக்கு 2016-இல் எதிராளி வேலையைச் செய்ய ஒரு செயலி ஏன் வந்தது?

சரி, நல்ல அடி. எதிராளியாக உட்கார ஆள் கிடைக்காத வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விதிச்சுமை காணாமல் போகவில்லை, செயலிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காகிதத்தோடு நிற்கப்போகிறவர் அதைத் தானே சுமக்க வேண்டும்.

200 புதுச்சீட்டை ஒரே கட்டில் கலக்கலாமா?

கூட்டாதீர்கள். மேலே இரண்டாவது பதில்.

'எலும்புக்கூட்டுக்கு எதிராக +1' என்ற வாள் இருக்கிறது, புதுப் பெட்டியில் எலும்புக்கூடே இல்லை. என்ன செய்ய?

பெயரை எழுதாமல் இனத்தை எழுதுங்கள்: பிணம், மிருகம், பூதம். ஒவ்வோர் அரக்கன் சீட்டிலும் இனம் அச்சாகட்டும். அந்த +1-ஐயும் யோசித்துப் போடுங்கள். இரண்டு பகடையில் 11 அல்லது அதற்கு மேல் வேண்டியவருக்கு 36-இல் 3 வாய்ப்பு, +1 கிடைத்தால் 6. ஒரேயடியாக இரட்டிப்பு.

மூன்று விரிவாக்கம் எழுதி வைத்திருக்கிறேன், முதல் பெட்டி இன்னும் முடியவில்லை. எதை முதலில் வெளியிட?

முதல் பெட்டியை.

வெறும் அரக்கர்களை மட்டும் கூட்டினால்...?

இரண்டாவது பதில்!