ஹெபடைடிஸ் சி இருக்குமோ? எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

நான் டாக்டர் இல்லை. பல வருடமாக எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறேன். நடுவில் ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்று) வந்து, மருந்து எடுத்துக் குணமானேன். படித்ததையும் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று ரிசல்ட் வந்திருக்கிறது. மூன்று நாளாகத் தூக்கமே இல்லை. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இப்போது இரண்டாவதா?

இன்னும் அப்படிச் சொல்ல முடியாது. எச்.ஐ.வி.யில் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்கு நாம் ஒரு அர்த்தம் பழகிவிட்டோம்: வந்துவிட்டது, இனிப் போகாது. ஹெபடைடிஸ் சி அப்படி இல்லை. கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதற்கான தடம்தான் ஆன்டிபாடி. இப்போதும் இருக்கிறதா என்று அது சொல்லாது. தொற்றியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்கு ஆறு மாதத்துக்குள் கிருமி தானாகவே போய்விடுகிறது. எச்.ஐ.வி. இருந்தால் இந்த வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் உண்டு.

அடுத்தது ஆர்.என்.ஏ. பரிசோதனை. அதுதான் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று காட்டும். அந்த ரிசல்டுக்குக் காத்திருந்த நாட்களில் நான் ராத்திரியெல்லாம் போனில் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போவது), புற்றுநோய் என்று தேடித் தேடிப் படித்தேன். விடிந்தால் கண் எரிச்சல்தான் மிச்சம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஒரு நோட்டில் டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதுங்கள்: ஆர்.என்.ஏ. எப்போது? ஹெபடைடிஸ் பி பார்த்தாயிற்றா? கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது? ரிசல்ட் வரும்வரை மது வேண்டாம். இருக்கிறது என்றே வந்தாலும் மருந்தால் குணமாகிற நோய் இது.

கேள்வி: எனக்கு நேர்மாறு. ஆன்டிபாடி நெகட்டிவ். ஆனால் கல்லீரல் என்சைம் ஏறியிருக்கிறது, சி.டி.4 (எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கை) வெறும் 120. நெகட்டிவை நம்பலாமா?

அப்படியே நம்பிவிடாதீர்கள். சி.டி.4 இவ்வளவு இறங்கியிருந்தால் உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கத் திணறலாம். கிருமி இருந்தும் நெகட்டிவ் காட்டும். புதிதாகத் தொற்றியிருந்தாலும் இதே கதைதான். ஆன்டிபாடி தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், ஆர்.என்.ஏ. ஓரிரு வாரத்திலேயே காட்டிக்கொடுக்கும். அதையே கேட்டு வாங்குங்கள். என்சைம் ஏற மாத்திரை, மது, ஹெபடைடிஸ் பி, கல்லீரல் கொழுப்பு என்று வேறு காரணங்களும் உண்டு.

கேள்வி: ஹெபடைடிஸ் சி சிகிச்சை முடியும்வரை எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா? கல்லீரலுக்குப் பாரம் குறையுமே.

வேண்டவே வேண்டாம். எச்.ஐ.வி. கட்டுக்குள் இல்லாதபோதுதான் ஹெபடைடிஸ் சி கல்லீரலை வேகமாகத் தின்னும். இன்னொன்று: எச்.ஐ.வி. மருந்துகளான டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கி வைக்கும் மருந்துகள். உங்களுக்கு பி-யும் இருந்து, அவற்றைத் திடீரென்று விட்டால் அது சீறி எழும்.

நிறுத்தக் கூடாது, ஆனால் மாற்ற வேண்டி வரலாம். எச்.ஐ.வி.க்கு இப்போது பலரும் சாப்பிடும் டொலுடெக்ராவிர், ஹெபடைடிஸ் சி மாத்திரைகளான சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விரோடு ஒத்துப்போகும். பழைய எச்.ஐ.வி. மாத்திரையான எஃபாவிரென்ஸ் சாப்பிடுபவர்களுக்கு வெல்படாஸ்விர் சரிவராது; ரத்தத்தில் வெல்படாஸ்விர் அளவை எஃபாவிரென்ஸ் இறக்கிவிடும். அவர்களுக்கு டாக்லடாஸ்விர் என்ற இன்னொரு ஹெபடைடிஸ் சி மாத்திரை கொடுத்தால் தினம் 60 மில்லிகிராமுக்குப் பதில் 90 தேவைப்படும். டெனோஃபோவிர் எடுப்பவர்களுக்கு இடையில் சிறுநீரகப் பரிசோதனையும் வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடிக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேராது. நெஞ்செரிச்சல் மாத்திரைகூட வெல்படாஸ்விரைச் சரியாக உறிஞ்ச விடாது. எச்.ஐ.வி. டாக்டர் ஒருவர், கல்லீரல் டாக்டர் இன்னொருவர் என்றால் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு இருவரிடமும் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ‘கல்லீரலுக்கு நல்லது’ என்று யாரோ கொடுத்த பொடியும் அந்தப் பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு வருடம் ஊசி, காய்ச்சல், மனச்சோர்வு என்கிறார்களே?

அது இன்டர்ஃபெரான் என்ற ஊசி மருந்தின் காலம். 2013க்குப் பிறகு நிலைமையே வேறு. பெரும்பாலோருக்கு 12 வாரம், வெறும் மாத்திரை. எச்.ஐ.வி. இருந்தாலும் நூற்றுக்கு 95 பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். எனக்கு லேசான தலைவலி, அசதி, அவ்வளவுதான்.

கேள்வி: எச்.ஐ.வி. வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. அப்படியென்றால் மனைவிக்கு இதுவும் தொற்றாதுதானே?

கண்டறிய முடியாத அளவென்றால் உறவில் தொற்றாது என்ற கணக்கு எச்.ஐ.வி.க்கு மட்டும். ஹெபடைடிஸ் சி முக்கியமாக ரத்தம் வழியாகப் பரவுவது. ஆண்-பெண் உறவில் பரவுவது அரிது. ஆணோடு உறவுகொள்ளும் எச்.ஐ.வி. உள்ள ஆண்களிடம் கூடுதல். ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் தனித்தனியாக இருக்கட்டும், ஆணுறை போடுங்கள். ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைக் கொஞ்சலாம். மனைவி ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டால்? முன்பு போதை ஊசி போட்டுக்கொண்டவன் நான். வெட்கமாக இருக்கிறது.

தம்பி, எச்.ஐ.வி. தெரிந்த அன்று பட்ட அவமானத்தை மறுபடி முதலிலிருந்து படுவது போல இருக்கும். எனக்கும் இருந்தது. எனக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது, தெரியாததும் ஒரு வேதனைதான். எந்த வழியில் வந்தாலும் மருந்து ஒன்றே. இப்போதும் ஊசி பழக்கம் இருந்தால் மட்டும் மறைக்காதீர்கள். சிகிச்சை மறுப்பதற்கு அது காரணம் அல்ல. ஆனால் ஊசியைப் பகிர்ந்தால் குணமானது திரும்ப வரும். முகம் சுளிக்கிற டாக்டரென்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். நானே ஒருவரை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. இல்லை என்று வந்தது. ஆனால் ஆன்டிபாடி இன்னும் பாசிட்டிவ்!

அது பெரும்பாலும் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும், பயப்படாதீர்கள். நீங்கள் குணமாகிவிட்டீர்கள். ஆனால் ஆன்டிபாடி காவல் காக்காது, தடுப்பூசியும் கிடையாது, மறுபடி தொற்றலாம். இனிமேல் சந்தேகம் வந்தால் ஆர்.என்.ஏ. மட்டும் கேளுங்கள். சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் இருந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் தொடர வேண்டும். கிருமி போன பிறகும் புற்றுநோய் அபாயம் முழுதாகப் போவதில்லை.