மோட்டார்ஹோம் வாங்கப் போகிறீர்களா? முதலில் தகட்டைப் படியுங்கள்

கேள்வி: எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். அடுத்த வருடம் வேலையை விட்டதும் ஒரு மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்போடு கூடிய வீட்டு வண்டி) வாங்கி, வருடத்தில் பாதியை ஊர் சுற்றியே கழிக்க ஆசை. ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். 2012 மாடல், ஃபியட் டுகாட்டோ, ஆறு பேர் படுக்கலாம், 38,000 மைல்தான் ஓடியிருக்கிறது. விலை 32,000 பவுண்ட். சொந்தக்காரரே விற்கிறார், எம்.ஓ.டி. (வண்டி சாலைக்குத் தகுதியானதா என்ற பரிசோதனை) போன மாதம்தான் எடுத்திருக்கிறார். 1,000 பவுண்ட் டெபாசிட் கேட்கிறார். வண்டியின் எடைத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். 1999-ல் இங்கே லைசென்ஸ் எடுத்தேன், இதுவரை ஒரு அபராதப் புள்ளிகூட வாங்கியதில்லை. டெபாசிட் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் படத்தை நீங்கள் அனுப்பியதே நல்லதாகப் போயிற்று.

தகட்டில் நான்கு எடைகள் இருக்கின்றன. முதலில் இருப்பது 3,850 கிலோ. வண்டி, ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து இதற்கு மேல் போகக் கூடாது என்பது அதன் பொருள். 1997 ஜனவரி 1 முதல் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்கள் இது போன்ற டீசல் வண்டி என்றால் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். அதற்கு முன் பாஸ் செய்தவர்களுக்கு சி1 பிரிவும் கூடவே கிடைத்தது, 7,500 கிலோ வரை ஓட்டலாம். விற்பவர் அந்தக் காலத்து லைசென்ஸ்காரராக இருப்பார். அவருக்கு இது பிரச்சினையே இல்லை, அதனால் சொல்லவும் தோன்றியிருக்காது. காலி வண்டியாக ஓட்டினால் பரவாயில்லையே என்று நினைக்காதீர்கள். சட்டம் பார்ப்பது தகட்டை. மாட்டினால், உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். இன்சூரன்சும் கையை விரிக்கும்.

சி1 டெஸ்ட் எழுதலாமே என்றால், எழுதலாம். மருத்துவப் பரிசோதனை, தியரி, பிறகு சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். 65 வயது முதல் அந்த உரிமையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். உங்களுக்கு 64. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு வழி, தகட்டு எடையை 3,500 ஆகக் குறைத்து எழுதி வாங்குவது. பெரும்பாலும் காகித வேலைதான், பதிவுச் சான்றிதழிலும் மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன் வண்டியைப் பொது எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்து, டீசல் நிரப்பிய நிலையில் 3,150 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 350. மனைவி 65 கிலோ, தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் 100 கிலோ, இரண்டு காஸ் சிலிண்டர் ஒரு 30 கிலோ. போக 155. துணிமணி, போர்வை, மடக்கு நாற்காலி, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் இதற்குள். கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகளையும் ஏற்றினால் கணக்கு அங்கேயே முடிந்தது. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று: ஆறு படுக்கை என்றால் ஆறு சீட் பெல்ட் என்று அர்த்தமில்லை. பல வண்டிகளில் நான்குதான் இருக்கும். எண்ணிப் பாருங்கள்.

எம்.ஓ.டி.யை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். பிரேக், டயர், புகை, துரு என்று சாலைக்கு வேண்டியதைத்தான் அதில் பார்ப்பார்கள். சுவர் நமுத்திருக்கிறதா, காஸ் குழாய் கசிகிறதா என்பதெல்லாம் அதில் வராது. மோட்டார்ஹோமைக் கொல்வது மைல் அல்ல, தண்ணீர். கூரை ஜன்னலின் மூலைகள், பக்க ஜன்னல்களின் கீழ் ஓரம், பின்விளக்குக்கு உட்புறம், படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகள், இங்கெல்லாம் கட்டை விரலால் அழுத்துங்கள். பலகை உள்ளே அமுங்கினால் பின்னால் மரம் உளுத்துவிட்டது. ஈரமானி ஒன்றை எடுத்துப் போங்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், 30-ஐத் தாண்டினால் நடையைக் கட்டுங்கள். கதவைத் திறந்ததும் வாசனை ஸ்ப்ரே மூக்கைத் துளைத்தால் இரண்டு மடங்கு கவனம் தேவை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிது போலத் தெரியும், ரப்பர் கிழடாகியிருக்கும். நின்றே வயதாகிற வண்டிகள் இவை.

தனிநபரிடம் வாங்குவதில் கடைசிச் சிக்கல்: வண்டியை விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், வண்டி விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். அதற்கு மேல் சட்டம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி (அதே கடிதத்தில் மனைவி எழுதியது): எனக்கு எடையெல்லாம் தெரியாது. உள்ளே நம் சமையல் செய்ய முடியுமா? குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில் இருக்கலாம் என்கிறார். முடியுமா?

பதில்: நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. சமைக்கலாம். ஆனால் தாளிப்பதும் மீன் பொரிப்பதும் வெளியே, சிறிய காஸ் அடுப்பில் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். தலைமாட்டிலேயே அடுப்பு, மெத்தையும் திரையும் வாசனையை விடவே விடாது. சோறு வடிக்கும்போது கூரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் கண்ணாடியெல்லாம் சொட்டும். ஐரோப்பாவில் பல தளங்களில் 6 ஆம்பியர் மின்சாரம்தான் கிடைக்கும், அதாவது சுமார் 1,380 வாட். வீட்டுக் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். குளிரில் புரொப்பேன் சிலிண்டர்தான் வேண்டும். பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகே ஆவியாகாமல் படுத்துவிடும்.

ஸ்பெயின் விஷயத்தில் அவர் கணக்கு தப்பு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்) இருக்கலாம். பிரான்சைக் கடந்து போகிற நாட்களும் அதில் சேரும். நவம்பர் 1-ஆம் தேதி நுழைந்தால் ஜனவரி 29-க்குள் வெளியே வந்துவிட வேண்டும். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அங்கே இருக்கும் நாட்கள் கணக்கில் வராது. ஆனால் வெயிலுக்காக யாரும் அயர்லாந்து போவதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இதே அளவு வண்டியை நவம்பரில் இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள், கோடையில் அல்ல. மழையில் இரண்டு பேரும் உள்ளேயே அடைந்து கிடந்து, கழிப்பறைத் தொட்டியை யார் கொண்டுபோய்க் கொட்டுவது என்று பேசி முடித்த பிறகும் ஆசை இருந்தால் வாங்கலாம்.

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் ஒரு டீலரிடம் 29,500 பவுண்டுக்கு மோட்டார்ஹோம் வாங்கினோம். 500 பவுண்ட் கிரெடிட் கார்டில், மீதி வங்கி வழியாக. இப்போது பின்சுவர் நமுத்திருக்கிறது. "நீங்கள் சமைக்கிற ஆவிதான் காரணம், ரசீதில் 'பார்த்தபடி விற்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறதே" என்கிறார்கள்.

பதில்: அந்த வரிக்கு எந்த மதிப்பும் இல்லை. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலர் இப்படி எழுதி உங்கள் உரிமையைப் பறிக்க முடியாது. வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளும் 30 நாள் கடந்துவிட்டது. ஆனால் ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு.

சமையல் ஆவி கண்ணாடியிலும் சுவரின் மேலேயும் படியும், துடைத்தால் போய்விடும். வெளியிலிருந்து இறங்கும் நீர் சுவருக்கு உள்ளே நிற்கும், மூட்டுக்குப் பக்கத்தில் மானி அதிகம் காட்டும். அவர்களுடைய ஆள் வேண்டாம், வெளி மெக்கானிக் ஒருவரிடம் ஈர அளவுகளோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதை இணைத்து, சரிசெய்து தரும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசி விடாதீர்கள். ஒரு முறை பழுது பார்த்தும் சரியாகாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். ஓட்டிய அளவுக்கு ஏதோ கழிப்பார்கள்.

அவர்கள் மசியவில்லை என்றால் அந்த 500 பவுண்ட் கை கொடுக்கும். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் டீலரோடு சேர்ந்து பொறுப்பு. அவர்களும் மறுத்தால் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் அமைப்பு) போகலாம், கட்டணம் கிடையாது. ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. அறிக்கையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.