வீட்டுப் பத்திரம் யார் பேரில்? முதியோர் கடன் கேள்வி-பதில்

கே: குடியாத்தம் பக்கம் கிராமம். நர்ஸாக வேலை பார்த்தவள். ஏழெட்டுப் பெரியவர்களை வீட்டுச் சூழலிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசுக் கடன் கிடைக்குமா?

ப: புதுத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு கிடைக்கும் வங்கிக் கடனான பி.எம்.இ.ஜி.பி.க்கு முயலுங்கள். சேவைத் தொழிலுக்கு மொத்தத் திட்டச் செலவு 20 லட்சம் வரை. பெண், அதுவும் கிராமம் என்பதால் மானியம் 35 சதவீதம், அதாவது 20 லட்சத்துக்கு ஏழு லட்சம். கைக்காசு ஒரு லட்சம் போட வேண்டும். மானியம் கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடந்து அப்புறம்தான் கடனில் கழியும். இடம் வாங்கும் செலவைப் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் காட்டாதீர்கள், அடித்துவிடுவார்கள். மடக்குக் கட்டில், வீல்சேர் நுழையும் அளவுக்குக் கதவை அகலப்படுத்துவது, பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ், கைப்பிடி எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் வாங்கி வையுங்கள். இல்லத்தைத் தொடங்கிவிட்டுக் கடன் கேட்காதீர்கள். புது யூனிட்டுக்கு மட்டும்தான்.

கே: ஆற்காட்டிலிருந்து வேலூர் மாவட்டத் தொழில் மையத்துக்கு அலைந்தும் கடன் மனுவை வாங்கவில்லை.

ப: எப்படி வாங்குவார்கள்? ஆற்காடு 2019-லேயே ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆம்பூர்க்காரர்களும் கவனிக்கவும், உங்களுக்குத் திருப்பத்தூர்.

கே: அம்மா படுத்த படுக்கை. ஹோம் நர்ஸ் செலவுக்கு முத்ரா கடன்?

ப: கிடைக்காது. முத்ரா தொழில் செய்பவர்களுக்கு.

கே: அப்பா சத்துவாச்சாரி வீட்டை என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதித் தந்தால், அதன் மேல் லோன் வாங்கி அவரை நல்ல முதியோர் குடியிருப்பில் சேர்த்துவிடுவேன். பத்திரச் செலவு எவ்வளவு?

ப: அப்பா வயதை எழுதவில்லை, அம்மா இருக்கிறாரா என்றும் எழுதவில்லை, செலவை மட்டும் கேட்கிறீர்கள். குடும்பத்துக்குள் என்றால் ஐம்பதாயிரத்துக்குள் முடியும், அந்த மலிவால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு பரவிக் கிடக்கிறது. எத்தனை தடவை எழுதினாலும் தீராது: பெரியவர்கள் இருக்கும் வரை பத்திரம் அவர்கள் பேரில் இருக்கட்டும். உங்கள் வேலை போய் மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறினால் வங்கி ஜப்தி நடவடிக்கையில் இறங்கும், குடியிருப்பில் மாதக் கட்டணம் நிற்கும், அவருக்குத் திரும்பிப் போக வீடும் இருக்காது. வீடு அவர் பேரில் இருந்தால் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்று ஒன்று 2007 முதல் இருக்கிறது. 60 தாண்டிய சொந்த வீட்டுக்காரருக்கு வங்கியே மாதாமாதம் பணம் தரும், வருமான வரி கிடையாது, உயிரோடு இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டாம், அவருக்குப் பின் நீங்கள் கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அது அவர் தங்கும் வீட்டுக்குத்தான், குடியிருப்புக்கு நிரந்தரமாகப் போய்விட்டால் கடன் முடிவுக்கு வரும். அதனால் வீட்டிலேயே ஆள் போட்டுப் பார்த்துக்கொள்வதே மேல், சி.எம்.சி. மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கிறது. கிளை மேனேஜர் "அப்படி ஒன்று இல்லையே" என்றால் எழுத்தில் கேளுங்கள். செட்டில்மென்ட்டே ஆகவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தால், ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

கே: அண்ணன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு அம்மாவைத் துரத்திவிட்டார். போலீஸா, கோர்ட்டா?

ப: முதலில் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். 2007 முதியோர் சட்டம் 23-வது பிரிவில் அம்மா மனு கொடுத்தால் பத்திரத்தை ரத்து செய்யலாம். பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள், நகலை எடுத்துப் போங்கள். அவசரம் என்றால் முதியோர் உதவி எண் 14567.